முந்திக் கிடைத்த சேதி யாருக்குச் சொந்தம்?

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் இருக்கிறது குமராட்சி. இதுபோன்ற நெல் விளையும் ஊர்களில், சென்னையிலோ சிங்கப்பூரிலோ குடியிருப்பவர்களின் நிலத்தைக் காரியஸ்தர்கள் பார்த்துக்கொள்வதுண்டு. குத்தகை வசூல், பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று என்று கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடப்பவர்கள் அவர்கள். சாலை அகலமாகப்போகிறது, புறவழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சு முதலில் அவர்கள் காதுக்குத்தான் எட்டும். அந்தச் சேதியை வைத்துத் தனக்கென நிலம் வாங்குவது முறையா?

அலைந்து திரிந்து விவரம் சேர்த்தவன் அதன் பலனை அடைவதில் குற்றமில்லை என்பார்கள். சொந்த அலைச்சலில் கிடைத்த விவரத்துக்கு அது பொருந்தும். காரியஸ்தரை அந்த அலுவலக வாசலில் நிறுத்தியதோ உரிமையாளர் வைத்த நம்பிக்கை. முகவர், முதலாளிக்குத் தெரியாமல் அவருடைய காரியத்தில் தன் பெயருக்கு வியாபாரம் செய்தால், அந்த ஆதாயத்தைக் கோர முதலாளிக்கு உரிமை உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆம் பிரிவு.

காரியஸ்தருக்கு நிலத்தை விற்கும் அடுத்த வயல்காரருக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, விற்பவருக்கே தெரியாத அவரது உரிமை விவரத்தை வாங்குபவர் அறிந்திருந்தால் சொல்லச் சொல்கிறது. வரப்போகும் சாலையைப் பற்றிப் பேசவில்லை. நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பு அரசிதழிலும், பிறகு உள்ளூர் நாளிதழ்களிலும் வரும். அதற்கு முந்தைய இடைவெளியில், மகள் கல்யாணத்துக்காக ஒரு விவசாயி நிலத்தை விற்றுவிட்டால்? 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி நிலம் இழப்பவருக்கு இழப்பீட்டோடு அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. தலைமுறையாக உழுதவரின் இழப்பை ஆற்றுவதற்கான அந்தப் பணம், நேற்றுப் பத்திரம் முடித்தவர் கைக்குப் போய்விடும். சட்டம் தடுக்காததால் இது நியாயமாகிவிடாது.

காரியஸ்தர் நிலமே வாங்கக்கூடாது என்பதில்லை. கேள்விப்பட்டதை முதலில் உரிமையாளரிடம் சொல்லி, அவர் வேண்டாமென்ற பிறகே தனக்காக நினைக்க வேண்டும். விற்பவரிடமும் விலை பேசுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். உறுதியாகாத பேச்சென்றால், உறுதியில்லை என்பதையும் சேர்த்து. அதற்குப் பிறகும் அவர் மனமுவந்து விற்றால் அது நேர்மையான வியாபாரம். சொன்னால் விலை ஏறிவிடுமே என்று வாய் மூடியிருப்பவர், மிச்சமாகும் பணம் விற்பவருடையது என்பதை அறிந்தே எடுத்துக்கொள்கிறார்.