அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே



நம் கடைவீதியில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் ஓய்வு நேரம் யாருக்குச் சொந்தம்? பெற்றவனுக்கா, பிள்ளைக்கா? பள்ளிக்கூடத்து நேரம் வாத்தியாருக்கு. ஓதும் நேரம் உஸ்தாதுக்கு. மிஞ்சுவது அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே உள்ள பொழுது. பினாங்கில் நாலரை மணி வாக்கில் வெயில் தாழ ஆரம்பிக்கும். ஏழு, ஏழரைக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள். ஓடியாட அந்த இடைவேளைதான் தோது. கல்லாவில் கூட்டம் நெருக்குவதும் அப்போதுதான். ஆக, நம் வியாபாரமும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே பொழுதைக் கேட்டு நிற்கின்றன. இந்த வழக்கில் வாதியும் நாம், நீதிபதியும் நாம்.

கடையில் நிற்பதும் தேகப்பயிற்சிதானே என்பார்கள். மூட்டை சுமந்த தலைமுறைக்கு அது சரி. இன்றைக்கு நம் பையன் முக்காலியில் உட்கார்ந்து விரலால் கணக்குத் தட்டுகிறான். ஆள் வராத நேரத்தில் அதே விரலால் கைப்பேசியைத் தள்ளுகிறான். தொழில் பழகுவது நல்லதே, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மூச்சு வாங்காத வேலையைப் பயிற்சிக் கணக்கில் எழுதுவது கள்ளக் கணக்கு. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷம் உடல் நன்றாக அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் பள்ளி மாணவர்களைப் பற்றி 2019ல் அது வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85 பேர்.

விளையாட்டு வீண், மார்க்கத்துக்குப் பொருந்தாது என்று சொல்லும் பெரியவர்கள் இமாம் கஸ்ஸாலியைப் பார்க்கட்டும். 1111ல் மறைந்த அந்த மகான், இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பேசும் இடத்தில், பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடவேண்டும், விடாமல் படிப்பிலேயே அழுத்தினால் அதன் உள்ளமும் அறிவும் மங்கிவிடும் என்ற கருத்தைச் சொல்கிறார்கள். நடையும் உடற்பயிற்சியும் இல்லாவிட்டால் சோம்பல் மேலிடும் என்பதையும் விடவில்லை. மதரஸாவில் அந்தக் கிதாபின் பெயரை மரியாதையோடு சொல்லப் பழகிய நாம், இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் போனது ஏனோ!

சரி, விடுவது என்று தீர்மானித்தாயிற்று. "போய் விளையாடு" என்றால் போதுமா? நம் மாநிலத்துப் புக்கிட் மெர்த்தாஜாமில் வளர்ந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யின் கதை இதற்குத் தோதானது. சிறுவயதில் அவருக்குக் கூடைப்பந்தில்தான் ஆசை. வெயில் கொளுத்துகிறதே என்று தாயார் தடுத்துவிட்டாராம். தாயின் அக்கறை அது. நம் வீட்டிலும் நடப்பதே. ஆனால் பூப்பந்தில் பிரியமுள்ள தந்தையார், 11 வயதுப் பிள்ளையைத் தம்மோடு ஆட்டக்கூடத்துக்கு அழைத்துப்போனார். 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளிப் பதக்கம் வாங்கியது பிறகு நடந்த கதை. பதக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நிறைவேறாத தன் ஆசையைப் பிள்ளையின் முதுகில் ஏற்றும் தகப்பனும் ஒருவகையில் கொடுமைக்காரனே. நான் பார்ப்பது 'அழைத்துப்போனார்' என்ற ஒரு சொல்லைத்தான். அவர் போகச் சொல்லவில்லை, கூடவே போனார்.

தான் செய்யாததைப் பிள்ளைக்குக் கட்டளையிட நமக்கு உரிமை உண்டா? தொழுகை விஷயத்தில் இது எல்லோருக்கும் விளங்குகிறது. அத்தா பள்ளிவாசலுக்குப் போகாத வீட்டில் பிள்ளைக்குச் சொல்லும் உபதேசம் எத்தனை நாள் நிற்கும்? தொந்தியைத் தள்ளிக்கொண்டு நாற்காலியில் இருந்தபடி ஓடச் சொன்னால் மட்டும் பையன் ஓடிவிடுவானா!

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கடினம். பெரியவளானதும் கடைக்கு மேலே மாடிப்படி ஏறுகிறாள். அதோடு அவள் ஓட்டம் முடிந்தது. மானம், பாதுகாப்பு என்ற கவலைகள் பொய்யல்ல, எனக்கும் உண்டு. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறதே. இந்த நாட்டில் 2019ல் எடுத்த ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை மிகுதி. அந்த நோய் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. மகனுக்குப் பந்தும் மகளுக்கு நாலு சுவரும் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? 1884 முதல் இருந்துவரும் தண்ணீர்மலைத் தாவரத் தோட்டத்தில் நடக்கக் கட்டணம் இல்லை. சுபுஹுக்குப் பின் தாயும் மகளும் முறையான உடையில் நடந்து வரலாம். குரங்குத் தொல்லை ஒன்றுதான்; கையில் தின்பண்டம் இல்லாவிட்டால் அதுவும் குறையும்.

இனி நஷ்டக் கணக்கு. வாரம் இரண்டு மாலை பையனை விட்டால் ஒரு ஆளின் இரண்டு மணிக்கூலி போகும். தகப்பனும் போனால் அதற்கு மேலும். இதைத் தனியாகத் தாங்கமுடியாத சிறுகடைக்காரர் நம்மில் பலர். அடுத்தடுத்த மூன்று கடைக்காரர்கள் முறை வைத்துக்கொள்ளலாமே. ஒருவர் மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் பாடாங் கோத்தாவுக்கோ இளைஞர் பூங்காவுக்கோ அழைத்துப்போய் மஃரிபுக்குத் திரும்பட்டும். மற்ற இருவர் அவர் கடையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளட்டும். பந்து வாங்கும் செலவு யாருடையது என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். நம்மவர்களுக்குள் தகராறு அங்கேதான் கிளம்பும்.