தகரக் குடிசையின் கடன் கணக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் படைகள் காலி செய்துவிட்டுப் போன முகாம்களில் போலந்துக் குடும்பங்கள் வந்து இறங்கின. கிளாஸ்டர்ஷையரின் நார்த்விக் பார்க், ஸ்டோவல் பார்க் என்று பல இடங்கள். வளைத்த நெளிதகரமே சுவரும் கூரையுமான நிசன் குடிசைகள்; நடுவில் ஒரு கரி அடுப்பு. குளிர்காலத்தில் மூச்சின் ஈரம் தகரத்தில் படிந்து சொட்டும்.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் பலர் கடந்துவந்த வழி நீளமானது. 1940 பிப்ரவரியில் கிழக்குப் போலந்திலிருந்து சோவியத் அரசு அவர்களைச் சரக்கு வண்டிகளில் ஏற்றிச் சைபீரியக் காடுகளுக்கு அனுப்பியது. விடுதலை கிடைத்து, 1942இல் ஜெனரல் ஆன்டர்ஸின் போலந்துப் படையோடு காஸ்பியன் கடலைக் கடந்து பாரசீகம் போனார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்களும் பிள்ளைகளும் இன்றைய தான்சானியாவின் தெங்கேருவிலும் நம் கோலாப்பூருக்கு அருகே வளிவடேயிலும் காத்துக் கிடந்தார்கள். பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தது 1947, 1948இல்தான், அந்தத் தகரக் கூரைகளின் கீழ்.

அவர்களுக்குத் தரப்பட்ட கூரை கொடையா, கடனா?

செஞ்சோற்றுக் கடன் என்றால் உண்டவன் தீர்க்க வேண்டியது. இங்கே கணக்கு தலைகீழ். 1944 மே மாதம் இத்தாலியின் மான்டே காசினோ மலையில் பிரிட்டன் பக்கம் நின்று உயிரைக் கொடுத்தவர்களில் பலருடைய ஊர்கள், அடுத்த ஆண்டு யால்டா மாநாட்டில் பிரிட்டனும் அமெரிக்காவும் சம்மதிக்க, சோவியத் எல்லைக்குள் போய்விட்டன. பிரதமர் சர்ச்சிலுக்கே இது உறுத்தியது. திரும்ப முடியாத வீரர்களுக்குக் குடியுரிமை தரலாம் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். ஆனால் 1946 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் பெவினின் பெயரில் போலிஷ் மொழியில் அச்சிட்ட தாள் ஒவ்வொரு வீரர் கைக்கும் வந்தது: தாயகம் திரும்புங்கள் என்று. வீட்டைப் பிறருக்கு எழுதிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டு வீட்டுக்குப் போ என்பது என்ன நியாயம்? 1947இல் போலந்து மக்களின் மறுகுடியமர்வுச் சட்டம் வந்து தங்குமிடம், ஓய்வூதியம், மருத்துவம், கல்வி எல்லாவற்றுக்கும் வழி செய்தது. அது நல்ல சட்டம். ஆனாலும் கடனாளி தவணை கட்டுவதைக் கொடை என்று சொல்லக் கூடாது.

இந்த இடத்தில் இன்னொரு தாயையும் நினைக்க வேண்டும். குண்டுவீச்சில் வீடிழந்த ஆங்கிலேயப் பெண் அவள். போர்க்காலத்தில்கூடப் பங்கீட்டில் வராத ரொட்டி 1946 ஜூலையில் பங்கீட்டுக்குள் வந்தது. அதே ஆண்டு வீடற்ற பிரிட்டிஷ் குடும்பங்களும் காலி முகாம்களில் புகுந்து குடியேறின. யால்டாவில் கையெழுத்துப் போட்டவள் அவளில்லை. கூலி குறைந்துவிடுமோ என்று அஞ்சிப் போலந்துத் தொழிலாளிகளை ஏற்க மறுத்த சுரங்கத்தொழிலாளியும் கொடியவன் அல்லன். அரசின் கடனை அரசு இவர்களுடைய சட்டைப்பையிலிருந்துதான் கட்டியது.

ஆகவே கணக்குகள் இரண்டு. அரசு கடனாளி, அதன் முன் அகதி தலைகுனிய வேண்டியதில்லை. தன் பங்கு குறைந்திருந்தபோதும் முகம் சுளிக்காமல் இடம் விட்ட அக்கம்பக்கத்தார் கொடையாளிகள். அவர்களுக்கு உரியது மனமார்ந்த நன்றி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போது அகதியிடம் 'நன்றியோடு இரு' என்று அதட்டுகிறோம். ஏழைக் குடிமகனிடம் 'இது உன் கடமை' என்று உபதேசிக்கிறோம். இருவருக்கும் அநீதி.

முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் அந்த நாட்களை இனிமையாகவே நினைவுகூர்கிறார்கள். அப்படியானால் குறையென்ன என்று கேட்கத் தோன்றும். அந்த இனிமையை அரசு தரவில்லை. குடிசையைச் சுற்றிப் பூச்செடி நட்டவர்கள், ஒரு குடிசையைத் தேவாலயமாக்கியவர்கள், மீண்டும் பார்க்க முடியாத ஊரின் பாட்டுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்தப் போலந்துத் தாய்மார்கள். கிறிஸ்துமஸ் முன்னிரவில், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பது போலந்து வழக்கம். இருப்பது ஓர் அறையானாலும் அந்தத் தட்டை வைத்தவர்களைக் கொள்பவர்கள் என்று மட்டும் எழுதிவைப்பது பிழை.

பெரும்பாலான முகாம்கள் 1950களிலும் 60களிலும் மூடப்பட்டன. டெவனில் ஸ்டோவருக்கு அருகிலுள்ள இல்ஃபோர்ட் பார்க் அப்போது மூடப்படவில்லை. வயதானவர்களுக்காக, அதே 1947 சட்டத்தின் பேரில், 1992இல் அங்கே புதிய இல்லம் திறக்கப்பட்டது.