யாரோ கும்பிட்ட சிலுவை

"சிலுவை கிடைச்ச விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும் சார்" என்று சைட்காரர் சொன்னபோது அவர் குரலில் பக்தியும் இல்லை, பகையும் இல்லை. பத்திரப் பதிவைப் பற்றிய கவலை மட்டும்தான் இருந்தது. அத்திபெலேயில் முப்பதுக்கு நாற்பது மனை இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது டீக்கடையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த மண்ணில் சிலையோ சிலுவையோ கிடைத்தது என்று நாலு பேர் காதில் விழுந்தால் ஆள் கூடும், வேலை நிற்கும், வாங்க வருகிறவன் யோசிப்பான். உள்ளங்கை நீளம்கூட இல்லாத பித்தளைத் துண்டு அவருக்கு ஒரு வில்லங்கமாகிவிட்டது.

அதைக் கண்டெடுத்தவன் பக்கத்து வீட்டுப் பையன். ஒசூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் செம்புக் கம்பியும் சில்லறைச் சாமான்களும் வாங்கிவந்து, பழைய பிளாஸ்டிக் தட்டைச் சுற்றிச் சுருள் போட்டு, தானே ஒரு மெட்டல் டிடெக்டர் செய்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்தெருக் காலி மனையில் அதை ஆட்டிக்கொண்டு நடப்பான். பாட்டில் மூடி, கட்டுக்கம்பி, மறுபடியும் பாட்டில் மூடி. நடுவே மாட்டு லாடமும் லாட ஆணிகளும் கிடைத்தன. ஒசூர்ப் பக்கமிருந்து பெங்களூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போன பாதையை ஒட்டிய ஊர்தானே, அது ஆச்சரியமில்லை. லாடத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் ஆழத்தில் இது இருந்திருக்கிறது.

எடுத்தபோது பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்ததாம். பித்தளை என்று தெரிந்த மறு நிமிடமே அவன் அம்மா புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆக்கிவிட்டார். தொல்லியல் படித்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். களிம்பும் அதில் ஒட்டிய மண்ணும்தான் அவர்களுக்குச் சாட்சி.

"அங்கிள், இது எந்தக் காலத்துது?" என்று கொண்டுவந்து நீட்டினான். போர்த்துகீசியர், திப்பு சுல்தான் என்று இரண்டு பெயர்களை அவனே சொல்லிவிட்டான்.

ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். இயேசுவின் பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே ஆணியில். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டுக்கு முன்பு பெரும்பாலும் காலுக்கு ஒன்றாக நான்கு ஆணிகள் காட்டுவார்கள். பிறகுதான் மூன்று ஆணி வழக்கமானது. பாதத்துக்குக் கீழே சின்ன மண்டையோடு, குறுக்கே எலும்பு. அது ஆதாமின் மண்டையோடு. சிலுவை நின்ற கொல்கொதா மேட்டில்தான் அவனைப் புதைத்தார்கள் என்பது பழைய நம்பிக்கை. பின்பக்கம் மரச்சட்டம் பதித்திருந்த காடி காலியாக இருந்தது. மரம் மக்கிப் போயிருக்கிறது. நடுவில் ஒரு வட்டப் பதக்கம், அதில் ஒரு சிலுவை, சுற்றிலும் புள்ளி வைத்த லத்தீன் எழுத்துகள்.

அந்த எழுத்துகள்தான் காட்டிக்கொடுத்தன. அது புனித பெனடிக்ட் பதக்கம். மேலிருந்து கீழே சி, எஸ், எஸ், எம், எல். குறுக்கே என், டி, எஸ், எம், டி. ஒவ்வொரு எழுத்தும் ஒரு லத்தீன் சொல்லின் முதலெழுத்து. சிலுவை எனக்கு வெளிச்சமாகட்டும், பாம்பு எனக்கு வழிகாட்ட வேண்டாம் என்பது போன்ற ஜெபம். இந்தச் சங்கேதத்தைத் திருச்சபையே ஒருமுறை மறந்துபோனது. 1647இல் பவேரியாவில், சூனியக்காரிகள் என்று விசாரிக்கப்பட்ட பெண்கள் சிலர், மெட்டன் மடத்தை மட்டும் தங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அங்கே சிலுவை காக்கிறது என்று சொன்னார்களாம். போய்ப் பார்த்தால் மடத்துச் சுவர்களில் சிலுவையும் இந்த எழுத்துகளும். அங்கேயே வாழ்ந்த துறவிகளுக்கு அர்த்தம் தெரியவில்லை. கடைசியில் 1415ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று அவர்கள் நூலகத்திலேயே கிடைத்து, அதில் விளக்கம் இருந்தது. பையன் கையில் இருந்த அமைப்பு அதற்கும் பிந்தியது. பெனடிக்ட் பிறந்து 1400 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட 1880இல் மோன்டே கசினோ மடம் வெளியிட்ட வடிவம் அது. ஆகவே திப்புவும் இல்லை, போர்த்துகீசியரும் இல்லை. யாரோ ஒரு கன்னியாஸ்திரீயின் இடுப்பு ஜெபமாலையிலோ, நோயாளியின் தலைமாட்டிலோ இருந்திருக்கலாம்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. நான்கு நூற்றாண்டு கேட்டவனுக்கு ஒன்றரை நூற்றாண்டுகூட உறுதியில்லை என்றால் என்ன செய்வான்? அந்தச் சுருக்கத்தில் அவனுக்கு நல்ல துணை இருக்கிறது. பரங்கிமலையில் நடந்ததைச் சொன்னேன்.

1547இல் சென்னைப் பரங்கிமலையில் கோயில் கட்டப் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கற்பலகை வெளிப்பட்டது. நடுவே புடைப்பாக ஒரு சிலுவை, அதைச் சுற்றி வளைவாக யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. கல்லில் செந்நிறக் கறைகள். அப்போஸ்தலர் தோமா அந்த மலையில்தான் குத்துப்பட்டு இறந்தார் என்று நம்பியவர்கள் கையில் அது கிடைத்தது. கறை என்னவாக இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1558 டிசம்பர் 18இல் பூசை நடக்கும்போது கல் வியர்த்துச் சிவந்தது என்று எழுதி வைத்தார்கள். எழுத்து என்ன சொல்கிறது என்பதுதான் பாக்கி. 1561இல் ஒரு பிராமணப் பண்டிதரைப் பிடித்தார்கள். அவர் படித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் பத்து, பதினைந்து சொற்கள் வீதம் விரித்து, கடவுளின் மகன் பிறந்ததையும் அவருடைய சீடர் தோமா இங்கே வந்ததையும் கோயில் கட்டியதையும் மாண்டதையும் கோர்வையாகச் சொல்லி முடித்தார். வேறொரு பண்டிதரும் அதையே சொன்னதாகப் பதிவு.

அந்தப் பண்டிதரைப் பொய்யர் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. எதிரே ஆயுதம் வைத்த ஆட்சி. அவர்கள் கேட்க விரும்புவது என்ன என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. கல்லைவிட அந்த முகங்களை அவர் நன்றாகப் படித்திருக்கிறார்.

முந்நூறு ஆண்டுக்குப் பிறகு, 1873இல், மங்களூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னல் அது பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று எழுதினார். கோட்டயம் வலியபள்ளியிலும் கேரளத்தின் வேறு சில பழைய பள்ளிகளிலும் அதே வாசகத்தோடு சிலுவைகள் இருக்கின்றன. எழுத்தின் போக்கை வைத்து ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். பர்னலுக்கே வாசகம் வசப்படவில்லை. கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய பெரிய இறையியல் வாக்கியமாகத்தான் அவருக்குத் தெரிந்தது. 1920களின் கடைசியில் வின்க்வொர்த் என்ற அறிஞர் படித்தபோதுதான் ஆள் வெளியே வந்தான். சஹார்பொக்த் என்பவரின் மகன் ஒருவன்மேல் இரக்கம் வையும் ஆண்டவரே என்று கேட்கிற சின்ன விண்ணப்பம். தோமா இல்லை, ரத்தம் இல்லை. மகன் பெயர் அஃப்ராஸ் என்றார் வின்க்வொர்த். நம் காலத்தில் இத்தாலிய அறிஞர் செரேத்தி அதை ஸப்ரீஷோ என்கிறார். இன்னொருவர் கப்ரியேல் என்று படித்ததும் உண்டு. அப்பா பெயரில் மட்டும் தகராறு இல்லை.

எனக்கு இந்த வாசிப்பு பண்டிதர் சொன்ன கதையைவிடப் பெரிதாகப் படுகிறது. கடல் கடந்து வந்த ஒருவன், உள்ளூர்க் கல்லில், சொந்த ஊர் எழுத்தில், தனக்காக ஒரு வரி கேட்டிருக்கிறான். அதற்குமேல் அவன் எதையும் நிரூபிக்கப் புறப்படவில்லை. நிரூபிக்கிற வேலையெல்லாம் நாம் ஏற்றியது.

அனுராதபுரத்திலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. 1912இல் அங்கே இடிபாடுகளில் ஒரு கற்சிலுவை கிடைத்தது. இலங்கைத் தொல்லியல் ஆணையராக இருந்த அயர்ட்டன் அதைப் போர்த்துகீசியருடையது என்றார். அவருக்குப் பின் வந்த ஹோகார்ட்டும் அப்படியே. இலங்கையில் சிலுவை என்றாலே போர்த்துகீசியர்தான் என்று மனம் முடிவு செய்துவிட்டால், போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அனுராதபுரம் தலைநகராக இருந்த காலம் முடிந்துவிட்டது என்பது கண்ணில் படாது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகர், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயில் இருப்பதாக எழுதி வைத்திருந்ததைக் கோட்ரிங்டன் என்ற ஆய்வாளர் 1926இல் இந்தச் சிலுவையோடு சேர்த்துப் பார்த்தார். கல் மாறவில்லை.

மண்ணில் கிடைப்பதைப் பற்றிச் சட்டமும் சும்மா இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு அடுத்தாற்போல இருக்கிற தமிழ்நாட்டு ஜூஜூவாடியில் அது. இந்தப் பக்கம் கர்நாடகத்துக்கு 1962இல் தனிச் சட்டம். நூறு வயதான கலைப்பொருள் தொல்பொருளாகும் என்பது 1972 சட்டம். பிரிட்டனில் டிடெக்டரோடு வயல்களில் நடக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு, கிடைத்ததைக் கொண்டுபோய்க் காட்டவும் இடத்தோடு பதிவு செய்யவும் 1997 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேலான பொருள்கள் அப்படி ஏறியிருக்கின்றன. நம் பையனுக்கு இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. தாலுகா ஆபீசில் போய்க் கேட்கலாம் என்றேன். சைட்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் அம்மா, "எதுக்குண்ணா வம்பு" என்றார்.

சைட்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். "இது என்ன?" என்ற கேள்வி நம் ஊரில் நெடுநேரம் தனியாக நிற்பதில்லை, "இது யாருடையது?" என்பது பின்னாலேயே வந்துவிடுகிறது, அதற்குப் பின்னால் "அப்படியென்றால் இந்த இடம் யாருடையது?" என்பது. பொருள் முதல் கேள்விக்கு மட்டும்தான் கொஞ்சம் பதில் சொல்கிறது. மிச்சம் இரண்டுக்கும் பண்டிதர்கள் தயாராக இருக்கிறார்கள்.

மனிதர்களிடமும் இதைத்தானே செய்கிறோம். அத்திபெலே எல்லையோர ஊர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே கடையில் ஓடும். தொழிற்பேட்டை வேலைக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எங்கள் தெருவில் வீடு கேட்டு வந்த ஓர் ஒடிசாக்காரரிடம் வீட்டுக்காரர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், கறி சமைப்பீர்களா என்று கேட்டார். மூன்றே பதில்கள். அவர் படியிறங்கியதும், அந்த மூன்றை வைத்து அவர் எப்படிப்பட்டவர், எதற்கு வந்தவர், எத்தனை பேரைக் கூட்டி வருவார் என்று கால் மணி நேரம் விரித்துச் சொன்னார். எழுத்துக்குப் பத்துச் சொல் வீதம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், அவர் சொன்ன ஆளும் எனக்குக் கண்ணெதிரே தெரிய ஆரம்பித்துவிட்டார், அதுதான் வேடிக்கை.

சிலுவை இப்போது பையன் வீட்டு அலமாரியில், கேஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூஜை மாடத்தில் வைக்க அம்மாவுக்குத் தயக்கம். குஜரிக்காரரிடம் எடைக்குப் போடவும் விடமாட்டார். "யாரோ கும்பிட்டது" என்பார். நான் லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொன்னதைவிட இது குறைவான தகவல்தான், ஆனால் இதில் எனக்குத் திருத்த எதுவும் இல்லை. பையன் நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறான்: இடம், ஆழம், பக்கத்தில் லாடம், பித்தளை, 1880க்குப் பிறகு. "யாருடையது" என்ற கட்டத்தைக் காலியாக விடச் சொன்னேன். "ஒண்ணுமே எழுதலைன்னா தேடாத மாதிரி இருக்கும் அங்கிள்" என்கிறான். இன்னும் அந்த வாதம் முடியவில்லை.