பேணுகிறவள் பெயர்

எங்கள் வீட்டு மாருதி 800இன் பதிவுச் சான்று 2021இல் காலாவதியாக இருந்தது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் அப்பா இறந்துபோனார். சொந்த உபயோகத்துக்கான காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டால் அதற்கு முன்பே படிவம் 31ஐ நிரப்பி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு பெயர் மாற்ற வேண்டும்.

அண்ணனும் தம்பியும் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். இருவரும் உடனே சம்மதித்தார்கள். "புஞ்சையைப் பத்திப் பேசும்போது இதையும் கணக்குல வச்சுக்குவோம்" என்று அண்ணன் சொன்னது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல, அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல், ஒரு பக்கம் கரிசல், சற்றுத் தள்ளி சிவகாசி. இங்கே வெயிலில் நிற்கும் எந்த வண்டிக்கும் ஓர் ஆண்டில் இரண்டு வயது கூடிவிடும். எங்கள் காரும் அப்படித்தான் நின்றது. பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது. வைப்பர் ரப்பர் கருவாடாய்க் காய்ந்திருந்தது. இடது கதவின் அடிவிளிம்பில் துரு. பின்பக்கம் ஒரு நீளமான கீறல். இருக்கை உறை கிழிந்து பஞ்சு தெரிந்தது.

பிரேக்கையும் என்ஜினையும் மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் வேலை அது. தவறினால் உயிர் போகும். மீதியை நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். காசை மிச்சப்படுத்துவது ஒரு காரணம். உதிரிபாகக் கடையில் வைப்பர் கேட்டபோது "மெக்கானிக்கை வரச் சொல்லுங்க டீச்சர்" என்று கடைக்காரர் சொன்னது இன்னொரு காரணம்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் வாரம் கழுவியதோடு சரி. சுண்ணாம்புத் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் அது உப்புத்தாளைப் போலப் பெயிண்டைத் தேய்த்துவிடும். முதலில் தண்ணீரை மேலிருந்து ஊற்றி ஓடவிட வேண்டும், கை வைப்பது பிறகுதான். இறுகிப்போன திட்டுகளுக்கு நீர் கலந்த வினிகர் போதும். இரண்டாம் வாரம் பேட்டரி. மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியாக மாட்ட வேண்டும். ஆப்பச் சோடா கரைத்த வெந்நீர் பட்டதும் அந்தப் பூப்பு நுரைத்துக் கரைந்தது. மூன்றாம் வாரம் துரு. வெள்ளைத் தகடு தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, காயவிட்டு, அதே நிறப் பெயிண்டை மெல்லிசாய் இரண்டு மூன்று கை பூசினேன். அவசரப்பட்டு ஒரே கையாகப் பூசினால் வழியும். எனக்கு வழிந்தது. மறுபடி தேய்த்து, மறுபடி பூசினேன்.

இத்தனையும் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள் என்பது சரியல்ல, நடத்தினாள். "மேல இருந்து ஊத்து. அந்தக் கண்ணாடிக்குக் கீழ தண்ணி நிக்கும், அங்கதான் துரு வச்சிருக்கும், பாரு." பார்த்தேன், இருந்தது. "பின்னால கதவு ரப்பரு விட்டிருக்கும், 2015 மழையில வாளிவாளியா எறைச்சேன்." அதுவும் சரியாக இருந்தது.

15 ஆண்டுகளாகத் தினமும் அந்தக் காரைக் கழுவியவள் அம்மாதான். தண்ணீர்ப் பஞ்ச நாட்களில் அரிசி களைந்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் சேர்த்துவைத்துக் கழுவுவாள். அப்பா எட்டு மணிக்குச் சாவியோடு வருவார். அவர் சொல்லும் வார்த்தை 'என் கார்'. நாங்களும் 'அப்பா கார்' என்றே சொன்னோம். அம்மா அதில் பின்னிருக்கையில்தான் உட்காருவாள், அதுவும் கல்யாணத்துக்கும் இழவுக்கும் போகும்போது. முன்னிருக்கை தம்பிக்கு.

நான்காம் வாரம் முடிந்து காரைக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். சக ஆசிரியர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாணவிகள் கதவைத் தடவிப் பார்த்தார்கள். "நீங்களேவா மேடம்!" வீட்டுக்கு வந்து பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அதுக்கு இம்புட்டுப் பாராட்டாத்தா? கிரைண்டருக்கு எத்தன தடவ பெல்ட்டு மாத்திருக்கேன். குக்கருக்கு கேஸ்கட்டு, குழாய்க்கு வாசரு, தையல் மிசினுக்கு எண்ணெ. எவளாச்சும் வந்து கை குடுத்தாளா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வருகிறது. ஒரே கை, ஒரே திருப்புளி, ஒரே பொறுமை. கிரைண்டரில் செய்தால் அது வீட்டு வேலை, காரில் செய்தால் சாதனை. ஏன்?

ஹன்னா அரெண்ட் 1958இல் வெளியான 'மனித நிலை' பற்றிய தன் நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரித்துக் காட்டினார். சமைப்பது, துடைப்பது, கழுவுவது எல்லாம் உழைப்பு. செய்த மறுகணமே கரைந்துவிடும், நாளை மறுபடி செய்ய வேண்டும். மேசை, வீடு, கவிதை ஆகியவை ஆக்கம். செய்தவரைத் தாண்டி நிற்கும். வகுப்பில் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். காரின் துருவைச் சுரண்டியபோதுதான் எனக்கு ஒன்று இடறியது. நிற்கும் பொருள் எதுவும் தானாக நிற்பதில்லை. கார் ஆலையில் ஒருமுறைதான் செய்யப்படுகிறது. 15 ஆண்டு அது நின்றதற்குக் காரணம் தினமும் கரைந்துபோன உழைப்பு. அரெண்டும் உலகத்தின் சிதைவோடு நடக்கும் இந்த அன்றாடப் போராட்டத்தைக் கவனித்தவர்தான். ஆனால் ஆக்கத்தின் பெருமையில் பேணலுக்கும் பங்கு உண்டா என்ற கேள்வி மீதியிருக்கிறது. உண்டு என்பது என் பதில். பேணல் என்பது நீட்டிக்கப்பட்ட ஆக்கம். ஆக்கியவர் பெயர் பொருளின் மேல் இருக்கிறது, வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்கிறது. பேணியவர் பெயருக்கு மட்டும் எங்கும் இடமில்லை.

பெர்த்தா பென்ஸின் கதையையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் தன் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் மோட்டார் வண்டியில் போனவர் அவர். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். கையில் கிடைத்த பொருளால் காரியத்தை முடிக்கும் இந்தப் புத்தி அடுப்படியில் நாம் அன்றாடம் பார்ப்பதுதானே. திருமணத்துக்கு முன்பே அவருடைய சீதனப் பணம் கார்ல் பென்ஸின் தொழிலுக்குப் போனது. 1886ஆம் ஆண்டின் காப்புரிமையில் இருப்பது கணவரின் பெயர்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் கட்டை அடுக்கியவர்களும் பெட்டி ஒட்டியவர்களும் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும்தான். கண் இமைக்கும் நேரத்தில் குச்சிகளை வரிசையாய்ச் சட்டத்தில் இறக்கும் அந்த விரல்களுக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில்தான். அதைத் தொழில்நுட்பம் என்று யாரும் சொன்னதில்லை, 'பொம்பளைக்குக் கை சுறுசுறுப்பு' என்றார்கள். மருந்து கலக்கும் ஆண் 'விவரம் தெரிந்தவர்' ஆனார். திறமையை இயல்பு என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி கூட்ட வேண்டியதில்லை.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990களில் மகிளா சமக்யா திட்டத்தில் கிராமத்துப் பெண்கள் கைப்பம்பு பழுதுபார்க்கக் கற்றார்கள். தண்ணீர் சுமப்பது அவர்கள் வேலை, பம்பைத் திறப்பது ஆண்கள் வேலை என்றிருந்த இடம் அது. பம்பு கெட்டால் கூடுதல் தூரம் நடப்பவள் அவள். ஆனால் திருப்புளி இருந்தது இன்னொருவர் கையில். அந்தக் கருவியை வாங்கிக்கொண்டபோது காத்திருக்கும் நிலையிலிருந்து அவர்கள் வெளியே வந்தார்கள். பழுதுபார்க்கத் தெரிவதன் அறம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தெரிந்தவளை யாரும் காக்கவைக்க முடியாது.

ஆனால் இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. பேணலைப் புகழ்ந்துகொண்டே போனால் நாம் போய்ச் சேரும் இடம் பழைய இடம்தான். 'பேண்' என்ற வினையடியிலிருந்தே 'பெண்' வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. மேடைகளில் இதைச் சொல்லும்போது கைதட்டல் விழும். வள்ளுவரும் ஆறாம் அதிகாரத்தில் கணவனைப் பேணும் பொறுப்பை மனைவியிடம் தந்திருக்கிறார். சொல்லாராய்ச்சி சரியோ தவறோ, அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிப்பதில்லை. பேணுவது உன் பிறவிக்குணம் என்றால், அலுத்துப்போய் நிறுத்துகிறவள் பெண்ணே இல்லை என்றாகிவிடும்.

தமிழ் படித்தவளாக ஒன்றைச் சொல்லலாம். பழந்தமிழில் 'பேணுதல்' என்பதற்குப் பாதுகாத்தல் மட்டும் பொருளல்ல, விரும்புதல் என்பதும் பொருள். நம் கைக்கு வந்து சேர்ந்தபோது விருப்பம் உதிர்ந்து கடமை மட்டும் மிஞ்சிவிட்டது. நான்கு ஞாயிறுகள் நான் காரோடு இருந்தது விருப்பத்தால். பிடிக்காவிட்டால் ஐந்தாவது ஞாயிறு நிறுத்தியிருப்பேன். அம்மாவுக்கு 15 ஆண்டுகளில் அப்படி ஒரு காலைகூட இருந்ததில்லை. இருவரும் செய்த வேலை ஒன்றுதான். நிறுத்தும் உரிமை எனக்கு இருந்தது, அவளுக்கு இல்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த நான்கு ஞாயிறும் நான் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் குழம்பு தானாகக் கொதிக்கவில்லை. வாசற்படியிலிருந்து அவள் எழுந்து எழுந்து உள்ளே போனதை நான் கவனிக்கவே இல்லை. என் விடுதலைக்கான நேரத்தை அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கொடுத்ததைப் போலவே.

அன்றிரவு கோப்பை எடுத்துப் படிவம் 31ஐப் பார்த்தேன். உரிமை பெறுபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அம்மாவுடையது. சம்மதக் கடிதத்தில் அவள் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாள். என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தம்பிகளும் அண்ணன்களும் பத்திரத்தை நீட்டி 'இங்கே ஒரு கையெழுத்து' என்று கேட்கும் அதே மாதிரி நானும் கேட்டிருக்கிறேன். 1989இலேயே தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சட்டம் வழி பிறந்தது. சட்டத்துக்கும் கையெழுத்துக்கும் இடையே இருக்கும் அந்த மௌனத்தில்தான் இன்னும் எத்தனையோ பெண்களின் பங்கு போகிறது. அதை மற்றவர்கள் செய்தால் எனக்குத் தெரியும். நான் செய்தபோது தெரியவில்லை.

வேறொரு படிவம் வாங்கினேன். கார் வைத்திருக்க ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. "எனக்கு எதுக்குத்தா, ஓட்டவா போறேன்?" என்றாள். "பதினஞ்சு வருசம் கழுவுனியே, அதுக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அப்ப சீட்டு உறைய கத்திரிப்பூக் கலர்ல போடு" என்றாள். அப்பா சாம்பல் நிறத்தைத் தவிர வேறு எதையும் போட்டதில்லை. அந்தக் காரைப் பற்றி அவள் சொன்ன முதல் விருப்பம் அது. துணி எடுத்து வந்தோம். அவளே தைத்தாள். ஆய்வாளர் விளக்கையும் ஹாரனையும் வைப்பரையும் டயரையும் பார்த்தார், உறையைப் பார்க்கவில்லை. அலங்காரம் வீண் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் அந்த உறைதான். தேவைக்குச் செய்வதை யாருக்காகவும் செய்யலாம். தேவைக்கு மேல் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நமக்காக மட்டும்தான் முடியும்.

பதிவுச் சான்று அம்மா பெயரில் வந்தது. ஒரு பெயர் மாறியதால் உலகம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். புஞ்சைப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது அந்தப் பேச்சில் காரை யாரும் என் கணக்கில் வைக்க முடியாது. காலையில் கழுவுவதும் இப்போது முறைதான், அவளுக்கு முடிந்தால் அவள், இல்லையென்றால் நான். இருவருக்கும் முடியாத நாட்களில் தூசியோடு ஓடும்.

போன தைப்பொங்கலுக்கு வந்த தம்பி, பழைய பழக்கத்தில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவன்போல நின்று, "யம்மா, காரை எடுத்துட்டுப் போகட்டா?" என்றான்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அந்தக் கேள்வியை அவள் கொஞ்சம் நேரம் வைத்துக்கொள்ளட்டும் என்று நான் வாய் திறக்கவில்லை.

"எப்பக் கொண்டாந்து விடுவ?" என்று கேட்டாள்.