மன்னிக்கும் உரிமை யாருக்கு?

அச்சுறுத்தும் எச்சரிக்கையும் அளவிறந்த இரக்கமும் ஒரே நூலில் அருகருகே நிற்கும்பொழுது, சிந்திக்கும் வாசகன் மயங்குவது இயல்பே. மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரம் இதற்குத் தக்க சான்றாகும். தனக்குக் குற்றஞ்செய்யும் சகோதரனை ஏழுமுறை மன்னித்தாற் போதுமா எனப் பேதுரு வினவுகின்றான். எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கவேண்டுமென இயேசு விடை பகர்கின்றார். அதனைத் தொடர்ந்து அவர் கூறும் உவமையிலோ, அரசன் தன் ஊழியனை ஒரே முறை மன்னித்துவிட்டு, அடுத்தமுறை தண்டனைக்கு ஒப்புவித்துவிடுகின்றான். எளிய மனிதனுக்கு விதிக்கப்பட்ட பொறுமை அரசனுக்கு இல்லையா? வகுப்பறையில் மாணவர் இவ்வாறு வினவின் நாம் யாது விடை கூறுவோம்?

எச்சரிக்கை மனிதனைத் திருத்துவதற்கே கூறப்படுகின்றது என்பர் சிலர். யோனாவின் கதையை அவர்கள் எடுத்துக்காட்டுவர். 40 நாளில் நினிவே அழியுமென யோனா அறிவித்தான்; மக்கள் மனந்திருந்தினர்; நகரம் பிழைத்தது. நினிவேக்கு இவ்விளக்கம் பொருந்தும். நமது உவமையிலோ தண்டனை மெய்யாகவே வந்து சேர்கின்றது.

கணக்கைச் சற்று நோக்குவோம். ஊழியன் அரசனுக்குப் பட்ட கடன் 10,000 தாலந்து. உடன் ஊழியன் ஒருவன் அவனுக்குப் பட்ட கடன் 100 தெனாரியம். தெனாரியம் ஒன்று கூலியாளின் ஒருநாட் கூலி. தாலந்து ஒன்று ஏறத்தாழ 6,000 தெனாரியம். 6 கோடி நாட் கூலிக்கு ஈடான கடனிலிருந்து விடுபட்டவன், வெளியே வந்ததும் 100 நாட் கூலிக்காகத் தன்னைப் போன்ற ஒருவனின் கழுத்தை நெரித்துச் சிறையிலிடுகின்றான்!

முடிச்சு இங்கேதான் அவிழ்கின்றது. பேதுரு கேட்டது தனக்கு இழைக்கப்படும் தீங்கைப் பற்றியே. அரசன் தள்ளுபடி செய்த கடனும் அவனுக்குச் சேரவேண்டியதே. அதனை விட்டுக்கொடுக்க அவனுக்கு உரிமையுண்டு. ஆனால், நெரிக்கப்பட்ட கழுத்து அரசனுடையதன்று. அதற்கான மன்னிப்பை வழங்க அவன் யார்? அங்கும் அவன் புன்னகை புரிந்திருப்பின் அக்கொடுமைக்கு உடந்தையாகியிருப்பான். தனக்கு நேர்ந்த தீங்கை மன்னிக்கச் சொல்லும் அதே நெஞ்சம், பிறர்க்கு நேரும் தீங்கைக் கண்டு எச்சரிக்கின்றது. இவற்றிடையே முரண் எங்கே உளது?

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகின்றது. அரசன் அவனை வதைப்போரிடம் ஒப்புவிக்கின்றான். வதையை நீதியென நாம் ஏற்பதற்கில்லை. அன்றியும், 100 தெனாரியத்துக்காகச் சிறைப்பட்ட அவ்வேழை விடுதலையானானா என்பதை உவமை கூறவில்லை. கொடியவன் தண்டிக்கப்பட்டதனால் மட்டும் எளியவனின் சிறைக்கதவு திறந்துவிடுவதில்லை.

நமது காலத்திலும் பறிகொடுத்தவனுக்குப் பொறுமை போதிக்கப்படுகின்றது. பறித்தவனையோ, எதையும் இழக்காத பெரியோர் தாராளமாக மன்னித்துவிடுகின்றனர். பிறர் பட்ட துன்பத்தை மூலதனமாக்கிப் பெறும் இப்புகழுக்கு இரக்கமென்று பெயரிடுதல் தகுமோ?

உவமையில் நாம் மறந்துவிடும் மாந்தர் சிலர் உளர். நடந்ததைக் கண்டு மிகவும் துயருற்ற உடன் ஊழியர், அதனை அரசனிடம் சென்று அறிவிக்கின்றனர். மன்னிக்கும் உரிமையோ தண்டிக்கும் அதிகாரமோ அவர்களிடம் இல்லை. ஆயினும் அவர்கள் வாளாவிருந்திருப்பின் அக்கொடுமை வெளிவந்திராது. ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்கும் நம்முடைய இடம் அவர்களருகே உளது. அவர்கள் கண்டதைக் கூறினர். சிறையில் இருப்பவன் வெளியே வரும்வரை கூறிக்கொண்டேயிருத்தல் நமது கடன்.