வில்லனுக்கும் ஒரு வீடு இருக்கிறது

படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் நாம் ஆட்களைப் பிரித்துவிடுகிறோம். இவன் ஹீரோ, இவன் வில்லன், இவன் இடைவேளைக்கு முன்னால் சாகப்போகிற நண்பன். அதற்கேற்ப அனுதாபத்தையும் பங்கு போட்டுவிடுகிறோம். நண்பன் செத்தால் கண் கலங்குகிறது. அடியாள் செத்தால் 'அட, அடியாள்தானே' என்று பாப்கார்ன் பக்கம் கை போகிறது. இது வெறும் படம் பார்க்கிற பழக்கம்தானா, இல்லை இதில் அறம் சம்பந்தப்பட்ட ஏதாவது இருக்கிறதா? எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் சந்தேகம் இது.

ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928ல் வெளியிட்ட நூலில் நூறு ரஷ்ய மாயக்கதைகளை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். கதைக்குக் கதை ஆட்களின் பெயரும் தோற்றமும் மாறுகின்றன, ஆனால் அவர்கள் செய்கிற வேலைகள் மாறுவதில்லை என்றார். அந்த வேலைகள் மொத்தம் 31. அவற்றைச் செய்கிற பாத்திர வகைகள் 7: வில்லன், மாயப்பொருள் தருபவர், உதவியாளர், இளவரசியும் அவள் தந்தையும், நாயகனை அனுப்பிவைப்பவர், நாயகன், போலி நாயகன். இளவரசியும் அப்பாவும் சேர்ந்து ஒரே வகை!

பட்டியல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பிராப் கூடவே சொன்ன இரண்டு விஷயங்களைத்தான் மறந்துவிடுகிறோம். ஒரே ஆள் பல பாத்திரங்களை ஏற்கலாம், ஒரே பாத்திரத்தைப் பல பேர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது ஒன்று. ஒரு செயலின் பொருள் கதையில் அது வருகிற இடத்தைப் பொறுத்தது என்பது இன்னொன்று. அப்படியென்றால் வில்லத்தனம் ஒருவனுடைய ரத்தத்தில் ஓடுவது இல்லை. இந்தக் கதைக்குள் அவன் நிற்கிற இடம், அவ்வளவுதான்.

பின்னால் வந்தவர்கள் இந்த மாதிரி ஆய்வுகளைக் கையேடுகளாக்கினார்கள். ஜோசப் கேம்பல் 1949ல் புராணங்களிலிருந்து எடுத்துக் காட்டிய நாயகப் பயணத்தை, ஹாலிவுட்டில் வேலை செய்த கிறிஸ்டோபர் வோக்லர் திரைக்கதை எழுதுபவர்களுக்கான வழிகாட்டியாக மாற்றினார். இருந்த கதைகளைப் பற்றிய விளக்கம், இனி எழுதப்போகும் கதைகளுக்கான விதியாகிவிட்டது. குரு யார், எதிரி யார் என்று கட்டம் போட்டு நிரப்பப் பழகிவிட்டோம். கட்டம் நிரம்பியதும் அந்த ஆளைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

'நாயகன்' (1987) படத்தை எடுத்துக்கொள்வோம். சிறுவன் வேலுவின் அப்பாவைப் போலீஸ் கொல்கிறது. அவன் பதிலுக்கு ஒரு போலீஸ்காரரைக் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடுகிறான். அங்கே அவனை வளர்த்த ஹுசேன் பாய் போலீஸ் காவலில் சாகிறார். அதற்குக் காரணமான இன்ஸ்பெக்டர் கேல்கரை, பெரியவனாகிவிட்ட வேலு கொல்கிறான். இதுவரை எல்லாம் பிராப்பின் கணக்குப்படிதான். கொடுமை நடந்தது, வில்லன் தோற்றான், கட்டம் நிரம்பியது.

ஆனால் மணிரத்னம் அங்கே நிறுத்தவில்லை. கேல்கருக்கு ஒரு மனைவி இருக்கிறாள், மனவளர்ச்சி குன்றிய அஜித் என்ற மகன் இருக்கிறான். வேலு அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறார். கடைசியில் நீதிமன்றம் வேலுவை விடுவிக்கிற நாளில், உண்மை தெரிந்துவிட்ட அஜித் அவரைச் சுட்டுக் கொல்கிறான்.

அப்பாவைக் கொன்றவர்களைப் பழிவாங்குகிற மகன். இந்த ஒரே செயலை ஒரே படத்தில் இரண்டு பேர் செய்கிறார்கள். முதலாமவனுக்குப் பெயர் நாயகன். இரண்டாமவன் நாயகனின் முடிவு, அவ்வளவுதான். அஜித்தின் கண்ணிலிருந்து எடுத்திருந்தால் வேலு நாயக்கர் யார்? அந்தப் படத்தில் அவர் கேல்கர்தான்.

'அப்படின்னா எல்லாரும் நல்லவங்கதானா?' என்று கேட்கலாம். இல்லை. கேல்கருக்கு மகன் இருப்பதால் ஹுசேன் பாயின் சாவு நியாயமாகிவிடாது. வேலு அந்த மகனைத் தாங்கியதால் கேல்கரின் கொலையும் கழுவப்பட்டுவிடாது. செயலுக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தீர்ப்பையே ஆளின் முழு அடையாளமாக்கி மூடி வைப்பதுதான் பிழை. திரையில் வருகிற ஒவ்வொரு அடியாளுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு கொடுத்துக்கொண்டிருந்தால் படமே நகராது, அதுவும் சரி. நான் கேட்பது சமமான நிமிடங்களை இல்லை. இவனுக்கு இந்தக் கதைக்கு வெளியே ஒரு வீடு இருக்கிறது என்கிற நினைவு படத்தில் எங்காவது இருக்கட்டும் என்கிறேன்.

இதெல்லாம் சினிமாக் கணக்கோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. மலேசியத் தமிழர்களான நமக்கு இது வீட்டு விஷயம். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) அதைத்தான் காட்டுகிறது. தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சமூகம், 1990களின் தொடக்கம். பன்னிரண்டு வயது அப்போய் கெட்டிக்காரன், சேட்டைக்காரன். குடும்பத்தில் ஒருவர் கேங்கில் இருக்கிறார், இன்னொருவர் போதையிலிருந்து மீண்டவர். மகன் படித்து முன்னேற வேண்டும் என்பதற்காக அடிக்கிற அப்பா. படத்தின் பெயரே 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் திரிந்து வந்ததுதான். கெட்டவன் என்று பொருள்.

பிராப்பின் கதைகளில் செயல்தான் பாத்திரத்தைத் தீர்மானிக்கிறது. கொடுமை செய்கிறான், அதனால் வில்லன். அப்போய்க்கு நடப்பது தலைகீழ். பாத்திரம் முதலில் வந்துவிடுகிறது, செயல் பின்னால் வருகிறது. 'இவன் உருப்பட மாட்டான்' என்று வகுப்பறையிலும் வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொன்னால், ஒரு பையன் அந்த வேஷத்தையாவது நன்றாகச் செய்து காட்டுவோம் என்று முடிவெடுப்பதில் என்ன ஆச்சரியம்? அந்த வேஷத்துக்குக் கேங்கில் மரியாதை கிடைக்கிறது. வேறு எங்கே கிடைத்தது?

தமிழ்ப் பையன் நாலு பேர் மோட்டாரோடு ஒரு கடை வாசலில் நின்றால், அவர்களைக் கடந்து போகிறபோது நம் நடை மாறுகிறது. அவர்கள் இன்னும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். நாம் பிரித்து முடித்திருப்போம், படம் தொடங்கிய பத்து நிமிடத்தில் செய்வதுபோலவே. குறும்படம் எடுக்கிற, கதை எழுதுகிற நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த முறை அந்த நாலு பேரைப் பின்னணியில் நிறுத்துகிறபோது, அவர்களில் ஒருவனை மட்டுமாவது வீடுவரை பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். அவன் யாருக்கு அண்ணன் என்று தெரிந்த பிறகு, பட்டியலில் அவனை எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள்.