பழகிப்போச்சு

ஆரணிப் பக்கம் வயசான நெசவாளர் யாரிடமாவது "முட்டிவலி எப்படி இருக்கு தாத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது கெடக்குது தம்பி, பழகிப்போச்சு" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். கேட்டவருக்கு நிம்மதி, அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். அந்தப் பதிலைப் பொறுமை என்று பாராட்டவும் செய்கிறோம். அந்தப் பாராட்டு நியாயமா என்பதுதான் என் கேள்வி.

குழித்தறியில் கால்கள் இரண்டும் குழிக்குள் இருக்கும். மிதிப்பலகைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும், இன்னொரு கை ஊடை இழையை அடித்துச் சேர்க்கும். கண் ஜரிகை மேல், கழுத்து குனிந்தபடி. ஒரு மிதியில் யாருக்கும் வலி வந்துவிடாது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டி ஒன்று வருகிறது. இறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் அதன் அச்சும் ஒருநாள் முறியும். அங்கே வலி என்றால் வலிமை. இன்றைக்கு நமக்கு அது நோவு. நாற்பது வருஷம் தறி மிதித்த முட்டியில் இரண்டு பொருளும் சேர்ந்தே இருக்கின்றன.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். பல்வலிக்கு ஒரு முடிவு உண்டு, அதனால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். முடிவு தெரியாத வலியோடு அப்படி இருக்க முடியாது, அதை நிர்வகிக்கத்தான் வேண்டும். காலையில் வெந்நீர் ஒத்தடம், ராத்திரி தைலம், உட்காரும் இடத்தில் மடித்துப் போட்ட துணி, நடுநடுவே எழுந்து நிற்பது. மிதிக்க முடியாத நாளில் தார் சுற்றும் வேலைக்கு மாறிக்கொள்வது. இதெல்லாம் வருஷக்கணக்கில் கற்ற ஒரு திறமை. இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. கூலி நெய்து முடித்த சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. முட்டிக்கு ஓய்வு கொடுத்தால் அன்றைய கூலி போச்சு.

"தறியில உக்காந்துட்டா வலி தெரியல" என்று சிலர் சொல்வார்கள். அது பொய் இல்லை. 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் மாதிரி இருக்கிறது என்றார்கள். மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அந்த வாசலைத் திறக்கும், சாத்தும். கவனம் வேறு இடத்தில் இருந்தால் வலி குறைவதும் அதனால்தான். ஆனால் தேய்மானம் நிற்பதில்லை. வாசல் சாத்தாத நாட்களுக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். வயதானவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

என் தொழிலில் ஒரு பழைய ஜோக் உண்டு. யாராவது பிழை இருக்கிறது என்று புகார் செய்தால், "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்லி டிக்கெட்டை மூடிவிடுவது. அடுத்தவர் வலி நம் மெஷினில் ஒருபோதும் வராது. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது ஒரு குறிப்பும் சேர்த்தது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும். சொல்ல முடியாத நிலையில் இருப்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. இதை வைத்துப் பார்த்தால் "பழகிப்போச்சு" என்பதும் ஒரு வாக்குமூலம்தான். முன்பு பலமுறை சொல்லியாயிற்று, "வயசானா அப்படித்தான்" என்ற பதிலும் கிடைத்தாயிற்று. வலியோடு சேர்த்து அந்தப் பதிலும் பழகிவிட்டது.

எல்லாப் பெரியவர்களும் தங்கள் நோவைப் பேச விரும்புவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். வலியை மட்டுமே வைத்துத் தன்னைப் பார்ப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். பேசாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பேசினால் கேட்க ஒரு ஆள் இருக்கும்போதுதான் பேசாமல் இருப்பது அவர்கள் தேர்வாகும். வேறு வழியே இல்லாதபோது தாங்கிக்கொள்வதைப் பொறுமை என்று புகழ்வது நமக்குத்தான் வசதி.

கேட்பதற்குச் சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. குத்துதா, குடையுதா, கடுக்குதா, எரியுதா, மரத்துப்போகுதா? ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போடச் சொல்வதைவிட இது மேல். எரிச்சலும் மரத்துப்போவதும் நரம்புக் கோளாறாக இருக்கலாம், காலையில் எழும்போது வரும் விறைப்பு மூட்டுச் சிக்கலாக இருக்கலாம். டாக்டருக்கும் இந்தச் சொற்கள் உதவும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆனால் இந்த வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும்.

இப்படி விசாரித்தால் பதிலும் நீளமாகத்தான் வரும். கேட்ட பிறகு சும்மா இருக்க முடியாது. ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அன்றைய கூலிக்கும் ஏதாவது வழி பார்க்க வேண்டும். "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுவதும் அதனால்தானோ என்னவோ.